டெல்மர் வாய் திறக்காத கூட்டம்

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை என்றால் டெல்மர் டாட்ரோ நன்றாக முகச்சவரம் செய்துகொள்வார். மற்ற நாட்களில் செய்துகொள்ள மாட்டார் என்றில்லை. ஆனால் அன்றைக்குக் காதுக்குக் கீழே, மோவாய்க்கு அடியில் என்று தேடித் தேடி மழிப்பார். துவைத்து மடித்து வைத்த கட்டம் போட்ட சட்டை, அதன்மேல் பால் லாரி ஓட்டிய காலத்து நீலக் கோட்டு. கோபர்ன் குன்றின் உச்சியில் இருக்கிற அந்த வீட்டில், இதையெல்லாம் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. மனைவி பெர்னிஸ் போய்ப் பதினோரு பனிக்காலம் ஆகிவிட்டது.

அன்றைக்குத்தான் எங்கள் ஊர்க்கூட்டம். ஸ்டார்க்வெல் ஊரின் ஒரு வருஷத்துப் பட்ஜெட்டை, சாலைக்கு எவ்வளவு, தீயணைப்புக்கு எவ்வளவு, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட எவ்வளவு என்று, ஊர் மண்டபத்து இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்து ஊர்க்காரர்களே ஒவ்வொரு பொருளாகப் பேசி முடிவு செய்வார்கள். வேண்டும் என்பவர்கள் ‘ஆமாம்’ என்று குரல் கொடுப்பார்கள், மற்றவர்கள் ‘வேண்டாம்’ என்பார்கள். அங்கே முடிவாகிற தொகைதான் பிற்பாடு சொத்துவரியாக ஒவ்வொரு வீட்டுக் கதவையும் வந்து தட்டும். வெர்மான்ட்டில் எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே இப்படித்தான். வாயிருக்கிற யாரும் எழுந்து நின்று எந்தத் தொகையையும் வெட்டச் சொல்லலாம்.

டெல்மருக்கு வாய் இருந்தது. முப்பது வருஷம் பால் லாரி ஓட்டியவர். விடிவதற்குள் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு தொழுவத்திலும் நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிற மனிதர். பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடின. லாரி போயிற்று, பிறகு பெர்னிஸும் போனாள். பேச்சு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. வருஷம் முழுக்கச் சேர்ந்ததை அந்த ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டித் தீர்ப்பார்.

சாலைக்கு அடியில் போடுகிற குழாய் எதற்கு இத்தனை, போன வருஷம் வாங்கிய குழாயெல்லாம் எங்கே போயிற்று? மண்டபத்துக்குப் புதுக் கொடி வாங்குவானேன், பழைய கொடிக்கு என்ன கேடு? ஆறு டயரில் ஓடுகிற தீயணைப்பு வண்டிக்கு எட்டு டயர் வாங்கியது யார் புத்தி? ஊர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பின்வரிசையில் கம்பளி பின்னிக்கொண்டிருக்கிற பெண்கள், டெல்மர் எழுந்து உட்காருவதற்குள் ஒரு காலுறையே முடிந்துவிடுகிறது என்று கேலி பேசுவார்கள். அவருக்கு அதெல்லாம் காதில் விழாமலில்லை. விழுந்தால் என்ன, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்களே என்று உள்ளூரச் சந்தோஷம்தான்.

நூலகத்துக்கு வந்தால்தான் அன்றைய நாளின் உச்சம். வருஷம் தவறாமல் டெல்மர் எழுந்து, நூலகத்துக்கு ஒதுக்கிய தொகையில் நானூறு டாலர் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருவார். நூலகர் லோர்னா பிக்ஸ்பி முன்வரிசையிலிருந்து எழுந்து பதில் சொல்வாள். கூட்டத்தில் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசக்கூடாது, எதையும் அவைத்தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. அதனால், கோபித்துக்கொண்ட புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையை நடுவில் நிறுத்திப் பேசுவதுபோல, அவைத்தலைவராக மேடையிலிருக்கிற திருமதி வார்டெலை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் சண்டை போடுவார்கள்.

“அவைத்தலைவரம்மா, அந்தப் பெரிய மனுஷர்கிட்ட கேளுங்க. நூலகத்துக்குள்ள அவர் எப்பவாவது காலடி எடுத்து வச்சிருக்காரா?”

“அவைத்தலைவரம்மா, அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. நான் ஜெயிலுக்குள்ளகூடத்தான் போனதில்ல. அதுக்கும் வரி கட்டிட்டுத்தான் இருக்கேன்.”

“இவரை எப்படி அங்க இன்னும் கொண்டு போகாம விட்டு வச்சிருக்காங்கன்னு எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு.”

சபை சிரிக்கும். வாக்கெடுப்பில் டெல்மரின் ஒற்றைக் குரல் மட்டும் ‘ஆமாம்’ என்னும், மண்டபமே அதிர ‘வேண்டாம்’ என்று மற்ற குரல்கள். அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு இடைவேளை. தேவாலயத்துப் பெண்கள் சமைத்த பீன்ஸும் பன்றித்தொடையும் நீள மேசைகளில் வரும். லோர்னா தான் சுட்டுக் கொண்டுவந்த ‘ஆப்பிள் பை’ பலகாரத்தில் ஒரு துண்டை வெட்டி, டெல்மர் முன்னால் டொக்கென்று வைப்பாள்.

“தின்னு. இதுக்கு வரி கெடையாது.”

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் யாரும் இல்லாமல், காலையில் போட்ட சண்டையை மறுபடி முதலிலிருந்து போடுவார்கள். அதோடு சரி. அடுத்த மார்ச் வரைக்கும் டெல்மருக்குப் பேச்சுத்துணை ரேடியோதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசோனாவிலிருந்து மகள் கூப்பிடுவாள். அவள் கேட்பதும் பனியைப் பற்றி, இவர் சொல்வதும் பனியைப் பற்றி.

இந்த வருஷமும் பிப்ரவரியில், கூட்டத்துக்கு வரப்போகிற பொருளெல்லாம் அச்சிட்ட ஊர் அறிக்கைப் புத்தகம் தபாலில் வந்தது. டெல்மர் பென்சிலைச் சீவிக்கொண்டு விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலையில் மூன்று கேள்வி கிடைத்தது. பனி தள்ளுகிற புது லாரி ஒன்று வாங்கப் போகிறார்களாம். அதற்கே ஐந்து கேள்வி கிடைத்தது. உற்சாகமாகப் புரட்டிக்கொண்டே போனவர் பதினான்காவது பொருளில் நின்றார்.

அடுத்த ஆண்டு முதல் ஊர்ப் பட்ஜெட்டைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்வதற்குப் பதிலாக, வாக்குச்சீட்டு மூலம் முடிவு செய்ய ஊரார் சம்மதிக்கிறார்களா?

மூன்று தடவை படித்தார். பக்கத்து ஊர்கள் இரண்டில் ஏற்கெனவே இப்படி ஆகியிருந்தது. மண்டபத்தில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். வேலைக்குப் போகிற வழியில் உள்ளே நுழைந்து, சீட்டில் ஒரு குறி போட்டுப் பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அதற்கும் சோம்பேறித்தனமாக இருந்தால் தபாலில் அனுப்பலாம். நாற்காலி வேண்டாம், அவைத்தலைவர் வேண்டாம், சாப்பாடு வேண்டாம். ஒரு மனிதன் இன்னொரு மனிதன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மறுநாள் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனார். அலமாரிக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் ஊர்க்குழுத் தலைவர் ரேமண்ட் லாஃபேயுடையது.

“நாள் பூரா எவன் உட்காருவான்? டெல்மர் எழுந்தார்னா மூணு மணி ஆயிடுது. எம் மருமக ஆஸ்பத்திரில லீவு கேட்டா குடுக்க மாட்டேங்கறாங்க. வருஷா வருஷம் ஆள் கொறைஞ்சுக்கிட்டே வருது.”

“அந்தாளு ஒருத்தர் வாய மூடினா எல்லாரும் வருவாங்கப்பா.”

“அவரா? சவப்பெட்டில வச்சு ஆணி அடிச்சாத்தான் மூடுவார்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். டெல்மர் கையிலிருந்த ரொட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். ஊருக்குக் கூட்டம் கசந்ததற்கு நான்தான் காரணமா? அப்படியானால் மருந்தும் என்னிடம்தானே இருக்கிறது. இந்த ஒரு வருஷம் மூச்சு விடக்கூடாது. கூட்டம் மளமளவென்று ஓடட்டும். இவ்வளவு சுருக்க முடிகிற கூட்டத்தை எதற்கு ஒழிக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். பதினான்காவது பொருள் தோற்றுப்போகும். அடுத்த வருஷம் மெதுவாக ஒரு கேள்வி, அதற்கடுத்த வருஷம் இரண்டு கேள்வி என்று பார்த்துக்கொள்ளலாம். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. தப்பு என்று எடுத்துச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

கூட்டத்தன்று வானம் பளிச்சென்று இருந்தது. ராத்திரி உறைபனி, காலையில் நல்ல வெயில். மேப்பிள் மரங்களில் சாறு வடிகிற நாள். அந்தச் சாற்றில் பாகு காய்ச்சுகிறவர்கள் பாதிப் பேர் மண்டபத்துக்குள் உட்கார்ந்திருந்தாலும் மனசெல்லாம் மரத்தடியில் இருந்தது. டெல்மர் வழக்கம்போல மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார்.

“என்ன டெல்மர், பென்சிலைக் கூரா சீவியாச்சா?” என்றார் ரேமண்ட் போகிற போக்கில்.

“ஆச்சு” என்றார் டெல்மர். அவ்வளவுதான் பேசினார்.

திருமதி வார்டெல் மேடையில் ஏறிச் சுத்தியலைத் தட்டினார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர். அவர் பார்த்தால் எழுபது வயதுக்காரர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். முதலிரண்டு பொருள்கள் சம்பிரதாயம். மூன்றாவது, சாலைப் பராமரிப்பு.

“பேச விரும்புகிறவர்கள்?”

மண்டபத்திலிருந்த தலையெல்லாம் மூன்றாவது வரிசை ஓரத்துக்குத் திரும்பியது. டெல்மர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க் கணக்கைத் தயாராக வைத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்ட சாலை மேஸ்திரி, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றார்.

“யாரும் இல்லையா?” திருமதி வார்டெல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஆமாம் என்போர்?”

“ஆமாம்.”

“வேண்டாம் என்போர்?”

சத்தமில்லை. சாலை நிறைவேறியது.

அடுத்தது பனி தள்ளும் லாரி. இதில்தான் டெல்மருக்கு நிஜமாகவே நாக்கு துடித்தது. பழைய லாரிக்கு எஞ்சின் பிரித்து வேலை பார்த்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் செலவுக்கும் இதே மண்டபம்தான் ஆமாம் போட்டது. புது லாரி வந்தால் வரி ஏறும். ஏறினால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற விறகுக்காட்டில் ஒரு துண்டை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும். கேட்கவேண்டிய கேள்வி மற்றவர்களுக்கும் தெரியாமலில்லை. ஆனால் கேட்பது டெல்மரின் வேலை, தலையில் அடித்துக்கொள்வது தங்கள் வேலை என்று இத்தனை வருஷமாகப் பழகிய ஊர் அது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். டெல்மரே சும்மா இருக்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆமாம் சொல்லிவிட்டார்கள். டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தீயணைப்பு போயிற்று. கல்லறைத் தோட்டம் போயிற்று. நூலகம் வந்தது.

லோர்னா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மடியில் நாலைந்து தாள்கள். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, எழுவதற்குத் தோதாகக் காலை ஊன்றிக்கொண்டாள்.

“பேச விரும்புகிறவர்கள்?”

டெல்மர் மண்டபத்துக் கூரையைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. லோர்னா காத்திருந்தாள். பிறகு திரும்பி நேராக அவரையே பார்த்தாள். என்னய்யா, வா என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. டெல்மர் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவர்போல இருந்தார்.

“ஆமாம் என்போர்?”

“ஆமாம்.”

நூலகத்துக்கு ஒரு டாலர்கூடக் குறையவில்லை. லோர்னா தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவளுடைய பின்கழுத்து சிவந்திருந்ததை டெல்மர் பார்த்தார். சந்தோஷத்தால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பதினோரு மணிகூட ஆகவில்லை, பதின்மூன்று பொருளும் முடிந்துவிட்டது. சமையலறைக் கதவைத் திறந்து ஒரு பெண் தலையை நீட்டினாள்.

“கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா. பீன்ஸ் இன்னும் வேகவே இல்ல.”

மண்டபம் சிரித்தது. டெல்மரும் சிரித்தார். எல்லாம் நினைத்தபடி நடக்கிறது என்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பதினான்காவது பொருளை விளக்க ரேமண்ட் எழுந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், பின்மண்டையைச் சொறிந்தார்.

“அவைத்தலைவரம்மா, கூட்டம் ரொம்ப இழுத்துக்கிட்டே போகுதுன்னு எழுதிட்டு வந்திருக்கேன். இப்ப அதை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் படிக்கிறது?”

பலத்த சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவர், “இப்படியே நடந்தா கூட்டம் இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். பலர் தலையாட்டினார்கள். ரேமண்ட் தன் மருமகளைப் பற்றியும், வேலைநாளில் வரமுடியாதவர்களைப் பற்றியும் சொல்லிவிட்டு, சுரத்தில்லாமல் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்தாயிற்று என்றே டெல்மர் நினைத்தார்.

அப்போது லோர்னா எழுந்தாள்.

“அவைத்தலைவரம்மா, கூட்டம் இருக்கணும்னு சொல்லத்தான் இன்னிக்கு நான் வந்தேன்.” கைப்பையைத் தட்டிக் காட்டினாள். “ஒவ்வொரு வருஷமும் ஜனவரிலேயே ஆரம்பிச்சிடுவேன். எத்தனை பேரு புஸ்தகம் எடுத்தாங்க, எத்தனை புள்ளைங்க வந்துச்சு, எதுக்கு எவ்வளவு செலவுன்னு பாத்துப் பாத்து வைப்பேன். ஏன்னா ஒருத்தர் எழுந்து கேப்பார். அவர் கேக்கறது எனக்குப் புடிக்காது, ஆனா கேப்பார். இன்னிக்கு என்ன பண்ணினோம்? ஒரு லாரியே வாங்கிட்டோம். பழைய லாரிக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தர் கேக்கல. என்கிட்டயும் யாரும் ஒண்ணும் கேக்கல. கேக்க ஆளில்லாத கூட்டம் எதுக்கு? சீட்டுல குறி போடறதத்தான் உக்காந்துட்டுப் பண்ணியிருக்கோம். அதை ரேமண்டோட மருமக மாதிரி ஆளுங்களும் வீட்லேர்ந்தே பண்ணிட்டுப் போகட்டும். நான் ஆமாம்னுதான் போடப்போறேன்.”

திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

டெல்மர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். எழுந்து சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? வாயைத் திறந்தால் பழைய டெல்மர் வந்துவிட்டார் என்பார்கள். திறக்காவிட்டால் லோர்னா சொன்னது சரியாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் அவர் கை பாதி உயர்ந்து நின்றது. அதற்குள் பாகு காய்ச்சுகிற ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

“விவாதத்தை முடிச்சு ஓட்டுக்கு விடணும்னு முன்மொழியறேன். மரமெல்லாம் வடிஞ்சுக்கிட்டு இருக்கு.”

யாரோ வழிமொழிந்தார்கள். கைகள் உயர்ந்தன. விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதற்கு மேலேயே இருந்தது. திருமதி வார்டெலுக்கு டெல்மரின் கை அப்போதுதான் கண்ணில் பட்டது.

“விவாதம் முடிஞ்சுடுச்சு, டெல்மர். மன்னிக்கணும்.”

பொருளை ஓட்டுக்கு விட்டபோது ஆமாமும் வேண்டாமும் ஒரே அளவு சத்தமாகக் கேட்டன. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆமாம் என்று நாற்பத்தொரு பேர் நின்றார்கள், லோர்னா முன்வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு. வேண்டாம் என்று நின்றவர்கள் முப்பத்தெட்டு. டெல்மர் அதில் ஒருவர்.

“பதினான்காவது பொருள் நிறைவேறியது” என்றார் திருமதி வார்டெல். “பதினைந்தாவது பொருள். இதர விஷயங்கள்.”

அது வழக்கமாக வைக்கிற கடைசிப் பொருள். தேவாலயத்தில் துணி விற்பனை, காணாமல் போன நாய் என்று யாராவது ஏதாவது அறிவிப்பார்கள். அதற்குள் பாதிப் பேர் கோட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். டெல்மர் எழுந்து நின்றார்.

“அட, வந்துட்டார்யா” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“அவைத்தலைவரம்மா, நான் காலைலேர்ந்து பேசல.”

“கவனிச்சோம், டெல்மர்.”

“ஏன்னு சொல்லிடறேன்.” நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இந்த மண்டபத்தில் அவருக்கு வார்த்தை தேட வேண்டியிருந்ததில்லை. “நான் பேசினா கூட்டம் நீளுது, அதனாலதான் ஊரு சலிச்சுக்கிட்டு சீட்டுக்குப் போகுதுன்னு கேள்விப்பட்டேன். சரி, இந்தத் தடவை வாய மூடிட்டு இருந்தா கூட்டம் தப்பிச்சுக்கும்னு நெனச்சேன். லாரிக்குக் கேள்வி வச்சிருந்தேன். நூலகத்துக்கும் வச்சிருந்தேன். எனக்கு வீட்ல பேச ஆள் கெடையாது. இந்த ஒரு நாள்தான் நான் ஏதாவது சொன்னா யாராவது பதில் சொல்றாங்க. அது போயிடக்கூடாதுன்னுதான் பேசல.”

கோட்டில் ஒரு கையை நுழைத்தவர்கள் மறு கையை நுழைக்காமல் நின்றார்கள். பின்வரிசையில் பின்னல் ஊசிகளின் சத்தம் நின்றது. ரேமண்ட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லோர்னா எழுந்தாள். மேடையைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அவைத்தலைவரம்மா, அந்த மனுஷர் இதை என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்னு சொல்லுங்க.”

“அவைத்தலைவரம்மா” என்றார் டெல்மர், “எங்க வச்சுச் சொல்றதுன்னு அந்த அம்மாகிட்ட கேளுங்க. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறதே இங்கதான்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. லோர்னா அப்படியே உட்கார்ந்தாள்.

சாலை மேஸ்திரி கையை உயர்த்தினார். “அம்மா, நான் ஆமாம்னு ஓட்டுப் போட்டவன். எனக்கு இப்ப மனசு கேக்கல. பதினாலாவது பொருள மறுபடி எடுக்கணும்னு முன்மொழியறேன்.”

“நான் வழிமொழியறேன்” என்றாள் பின்னல்காரிகளில் ஒருத்தி. இன்னும் நாலைந்து தலைகள் அசைந்தன. வித்தியாசம் மூன்றே ஓட்டு. டெல்மர் திருமதி வார்டெலின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“முடியாது” என்றார் திருமதி வார்டெல். அவருக்கே அந்த வார்த்தை பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. “அடுத்த பொருள எடுத்துட்டா முந்தினதத் திரும்ப எடுக்க விதி இல்ல. இதர விஷயங்கள்னு நான் வாசிச்சப்பவே பதினாலு முடிஞ்சு போச்சு. நான் வாசிக்கறதுக்கு முன்னால நீங்க எழுந்திருந்தா வழி இருந்திருக்கும், டெல்மர்.”

“தெரியும்” என்றார் டெல்மர்.

தெரியும்தான். அந்த விதியைச் சொல்லி எத்தனையோ பேரை உட்கார வைத்தவர் அவர். ஜெயித்த நாளிலும் தோற்ற நாளிலும் ஒவ்வொரு பொருளுக்கும் நடுவில் அந்தச் சின்ன இடைவெளியை வாட்சைப் பார்க்கிறவன்போலப் பார்த்துக்கொண்டிருப்பவர். இன்றைக்கு எண்ணிக்கையைக் கேட்டதும் அந்த இடைவெளியைத் தவறவிட்டுவிட்டார். எழுந்து நிற்கத் தெம்பு வருவதற்குள் திருமதி வார்டெல் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

டெல்மர் உட்கார்ந்தார். வேறு யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. ஒரு நாய்கூடக் காணாமல் போகவில்லை. வெளியே யாரோ லாரியைக் கிளப்பி ஓடவிட்டிருந்தார்கள். வெயில் ஜன்னல் வழியாக நாற்காலிகள்மேல் விழுந்திருந்தது. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதால், சாப்பாட்டுக்கு யார் காத்திருப்பது, வீட்டுக்குப் போய் மரத்தடி வாளிகளைப் பார்க்கலாம் என்று பலரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. டெல்மர் சொன்னதைக் கேட்டு அவர்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கஷ்டமாக இருக்கிற இடத்தில் யாருக்கும் நிற்கப் பிடிப்பதில்லை.

“கூட்டத்தைக் கலைக்கணும்னு முன்மொழியறேன்” என்றார் ரேமண்ட், தரையைப் பார்த்துக்கொண்டு.

கூட்டத்தைக் கலைக்கும் தீர்மானத்துக்கு விவாதம் கிடையாது.

“ஆமாம் என்போர்?”

“ஆமாம்” என்றது மண்டபம், கோட்டும் தொப்பியுமாக எழுந்து நின்றபடி.

விதிப்படி எதிர்க்குரலும் கேட்டாக வேண்டும். அவைத்தலைவர் கேட்பார், யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டம் கலையக்கூடாது என்று எந்த ஊரில் எவன் ஓட்டுப் போட்டிருக்கிறான்?

“வேண்டாம் என்போர்?”

“வேண்டாம்” என்றார் டெல்மர்.

கத்திச் சொல்லவில்லை. வாசலருகே போய்விட்ட இரண்டு பேர், வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

திருமதி வார்டெல் சுத்தியலை எடுத்தவர், உடனே தட்டவில்லை. இன்னொரு குரலாவது வருமா என்று காத்திருந்தார். வேண்டியதற்கு மேலேயே காத்திருந்தார். முன்வரிசையில் லோர்னா தலையைக் குனிந்துகொண்டு கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறவளுக்குக் குரல் எங்கிருந்து வரும்? மற்றவர்கள் கையுறை தேடிக்கொண்டிருந்தார்கள்.

“தீர்மானம் நிறைவேறியது” என்றார் திருமதி வார்டெல். “கூட்டம் கலையலாம்.”